பங்காளி ஏமாந்த கோடை

ஆனைவால்பட்டியில் அந்தக் கோடையில் ஒரு கட்டைப் பிரம்மச்சாரிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. மணப்பெண் உட்கார வேண்டிய இடத்தில் அவருடைய மிதிவண்டிக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கன்றுக்குட்டிக்குப் பெயர்சூட்டு விழா. பெயர் புவனேஸ்வரி. வேறொரு வீட்டில் பல் முளைத்ததற்கு விருந்து போட்டார்கள். முளைத்தது அந்த வீட்டுப் பெரியவருக்கு, அதுவும் டாக்டர் கட்டிவிட்ட பல். இவையெல்லாம் முறைப்படி நடந்தன என்று அரசாங்கத்துக்குச் சான்று கொடுத்த அதிகாரி நான்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் பங்காளியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கத்து ஊர் அது. மேற்கே மலையில் மழை பெய்வது நன்றாகத் தெரியும், பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். குடிக்கவும் விளைவிக்கவும் நிலத்தடித் தண்ணீரை விட்டால் நாதி இல்லை. ஒருவர் போர் போட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் அதைவிட ஆழமாகப் போடுவார். முதலாமவர் ரோஷப்பட்டு இன்னும் கீழே போவார். கடைசியில் போர் வண்டி ஊரில் எங்கே துளைத்தாலும் புகையாகப் பாறைமாவைத்தான் கக்கியது.

அப்போதுதான் எங்கள் நிலத்தடி நீர்த் துறை ஒரு செயற்கை அறிவை இறக்கியது. ஒவ்வொரு போருக்குள்ளும் ஓர் உணரி, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பூட்டு, பேசுவதற்கு ஒரு பெட்டி. பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்தப் பாறை இடுக்கு வழியாக யார் போருக்குப் போகிறது என்று எல்லாம் அதற்குத் தெரியும். யார் எப்போது மோட்டார் போடலாம் என்று அதுதான் சொல்லும். துறை அதற்கு வைத்த பெயர் வாய்க்குள் நுழையாது. பாகத்துக்கு வந்து நிற்பவன் பங்காளிதானே என்று ஊர்க்காரர்கள் அதைப் பங்காளி என்றார்கள்.

முதல் வருஷம் பங்காளி செய்திவாசிப்பாளர் தமிழில் பேசியது. ஊர் பூட்டை உடைத்தது. இரண்டாம் வருஷம் டீக்கடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஊர்த்தமிழ் கற்றுக்கொண்டு, ஒரு நாள் புதிதாக ஒன்றை அறிவித்தது. அதன் பெயர் விசேஷத் தண்ணி. எந்த வீட்டில் விசேஷமோ அந்த வீட்டு மோட்டார் அன்று பகல் முழுக்க ஓடலாம். எந்த விசேஷமானாலும் ஒரே அளவு. ஒரு வீட்டுக்கு ஒரு வகை விசேஷம் ஒரு தடவைதான். ஊர் முழுக்க வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். அதிகாரி வந்து சாப்பிட்டுச் சான்று கொடுக்க வேண்டும்.

இந்த வெற்றிலை சாதாரண வெற்றிலை இல்லை. அந்த ஊரில் தட்டை நீட்டிச் சொல்வார்கள்: "நாளைக்கு ஒங்க வீட்ல அடுப்பும் எரியக் கூடாது, மோட்டாரும் ஓடக் கூடாது. குடும்பத்தோட வந்துரணும்." வாங்கிக்கொண்ட பிறகு அன்றைக்குத் தன் வீட்டில் மோட்டார் போட்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை. 'வெத்தலைய வாங்கிட்டு மோட்டாரப் போட்டவன்' என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

நான் சென்னையில் வளர்ந்தவன். பெயர் குற்றாலநாதன். "பேருல அருவியே கொட்டுது, ஆளு வந்த எடத்துல சொட்டுத் தண்ணி இல்ல" என்று முதல் நாளே சிரித்தார்கள். முதல் இரண்டு விசேஷங்களில் கண்டிப்பாக இருந்தேன். மூன்றாவதில் பால் பாயசம் போட்டார்கள். அதற்கப்புறம் என் நேர்மையும் இடுப்புப் பட்டையும் சேர்ந்தே தளர்ந்துவிட்டன.

பந்திகளில்தான் செண்பகவடிவைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வடிவு என்பார்கள். சாம்பார் வாளியோடு ஓட்டமும் நடையுமாகப் போவாள். என் இலை முன்னால் மட்டும் நின்று, "சான்று குடுக்கத் தெம்பு வேணும்லா சார்" என்று இன்னொரு கரண்டி ஊற்றுவாள். வேண்டாம் என்று நான் சொன்னதாக நினைவில்லை.

ஒரு நாள் காலையில் அவள் என் அலுவலகத்துக்கு வந்து மேஜைமேல் பூவோடு ஒடித்துவந்த ஓர் எலுமிச்சைக் கொப்பை வைத்தாள். வைத்த அதிர்ச்சியிலேயே அதிலிருந்து இரண்டு பூ உதிர்ந்தது.

"பாத்தீயளா? தோட்டம் முச்சூடும் இப்பிடித்தான். வந்து பாருங்க."

போனேன். அவள் ஓசூரில் ஒரு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அப்பா இறந்தபின் அம்மாவோடு இருக்க வந்தவள். சேமித்ததையெல்லாம் மண்ணில் போட்டு வளர்த்த மரங்கள். அந்த வருஷம்தான் முதல் பூ. இலைகள் படகு மாதிரி சுருண்டு நின்றன. அவள் மோட்டாரைப் போட்டுக் காட்டினாள். குழாய் இருமியது, காற்றுதான் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய சித்தப்பா பூலுடையாரின் போர். ஊரிலேயே ஆழமானது. வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "அவிய மோட்டாரு ஓடுனா எனக்குக் காத்து. அவிய ஓய்ஞ்சா எனக்குப் பூட்டு" என்றாள் வடிவு. "இந்த மாசத்தத் தாண்டலன்னா பூ மட்டுமில்ல சார், மரமே போயிரும்." உதிர்ந்து கிடந்த பூவை அள்ளி மரத்தடியில் போட்டாள்.

தோட்டத்து ஓரத்தில் பழைய ஓட்டு வீடு. பக்கத்தில் புதிதாகக் கட்டிய சின்ன வீடு. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. உள்ளே உர மூட்டைகளும் மண்வெட்டியும் கிடந்தன.

"புது வீடு அழகா இருக்கே" என்றேன்.

"வீடு எங்க போயிரப் போவுது. நீங்க மரத்தப் பாருங்க" என்று என்னை அவசரமாகத் திருப்பினாள்.

"சரி, ஒரு விசேஷம் வெச்சிடுங்களேன்."

"எல்லாம் முடிஞ்சிட்டு சார். காதுகுத்து, ஆட்டுக்கு வளைகாப்பு, அம்மாவுக்குப் பொறந்தநாளு, ஆட்டுக்குட்டிக்குப் பேருவைப்பு. எங்க வீட்டுக்குப் பாக்கி இருக்கறது கல்யாணம் ஒண்ணுதான்."

இந்த இடத்தில் ஊர்த் தலைவி ஆவுடையம்மாள் வந்து சேர்ந்தார். எதேச்சையாக வந்ததாகத்தான் அன்று நினைத்தேன். தலைவி இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் மாடு பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"மாப்பிள்ளைக்கு எங்க போவ?" என்றார். "ஊர்ல இருக்க பயலுவ அம்புட்டும் இவளுக்கு அண்ணந்தம்பி முறை. வெளியூர்ல கேட்டா நெசமாவே கூட்டிட்டுப் போயிருவான். சார், நீங்க ஒக்காந்தா என்ன?"

"நானா? நான் சான்று கொடுக்கற அதிகாரிங்க!"

"அதான் சொல்லுதேன். சாட்சிக்குச் சாட்சி, மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை. ஒரு எலை மிச்சம்."

"வேலை போயிடும்."

"இந்த மரம் போயிருமே சார்" என்றாள் வடிவு. என் மேஜையிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த கொப்பை என் கையில் கொடுத்தாள். அதில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பூ. அது உதிர்ந்துவிடக் கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிலையில் ஒருவன் முடியாது என்று எப்படிச் சொல்வான்?

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. பொய்க் கல்யாணம் என்று ஊருக்கே தெரியும். அதனாலேயே எல்லோருக்கும் இரட்டிப்பு உற்சாகம். என் பக்கத்தில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்று பாதி ஊர் மாப்பிள்ளை வீட்டாராக மாறி, சாப்பாட்டில் உப்பில்லை என்று பெண்வீட்டாரோடு சண்டை போட்டது. புதுச் சட்டையில் கழற்ற மறந்த விலைச்சீட்டோடு நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். தாலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவந்த ஓர் எலுமிச்சம்பிஞ்சைக் கோத்திருந்தார்கள். நான் முடிச்சுப் போடத் தடுமாறியபோது பந்தல்காலில் கட்டியிருந்த பெட்டியிலிருந்து, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஒரு குரல் கத்தியது. பங்காளிதான்.

"ஐயோ பாவம், அப்பிடியே நம்பிட்டு" என்று ஆவுடையம்மாள் என் காதில் சொன்னார்.

பூலுடையாரும் வந்திருந்தார். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் வடிவின் அம்மா அவர் வீட்டுப் படியேறி வெற்றிலை வைத்துவிட்டார், மறுக்க முடியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

விருந்து முடிந்து தோட்டத்துக்கு ஓடினோம். வடிவு பட்டுப்புடவையோடு மோட்டாரைப் போட்டாள். குழாய் இருமியது. இன்னொரு முறை இருமியது. அப்புறம் என் கை பருமனுக்குத் தண்ணீர் பாய்ந்து வந்தது. அவள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. வாய்க்காலில் இறங்கி ஒவ்வொரு மரமாக மடை திருப்பிக்கொண்டே ஓடினாள், வழுக்கி விழுந்தாள், எழுந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என்மேல் அடித்தாள். சேற்றுத் தண்ணீர் என் மாலையிலிருந்து வழிந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு சொட்டு மது குடிக்காமல் ஒருவனுக்குப் போதை ஏறும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பூ நின்றது. பிஞ்சு பிடித்தது. ஊரில் மேலும் மேலும் விசேஷங்கள் நடந்தன. நான் ஒவ்வொரு பந்தியிலும் சாம்பார் வாளியைத்தான் தேடினேன்.

ஒரு நாள் அலுவலகத்தில் திரையைப் பார்த்தவன் திடுக்கிட்டேன்.

"பங்காளி, உன் உணரியெல்லாம் கெட்டுப்போச்சா?"

"என்னத்துக்கு சார் அப்பிடிக் கேக்கீய?"

"இவ்வளவு விசேஷத் தண்ணி கொடுத்திருக்கோம். நீர்மட்டம் இறங்கியிருக்கணும். ஏறியிருக்கு!"

"ஏறுனா நல்லதுதான. எறங்குனா கேளுங்க."

"விளையாடாதே. எப்படி ஏறும்?"

பங்காளி கொஞ்சம் தயங்கியது. எனக்காகத் தயங்கியது போலக் காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். "விசேஷத்தன்னைக்கு ஒரு வீட்டு மோட்டாரு ஓடுது. ஊர்ல மத்த மோட்டாரு அம்புட்டும் நிக்குது. பாற எடுக்குல தண்ணி மெள்ளத்தான் ஊறும் சார். எறச்சிட்டே இருந்தா ஊறவே விடாது. ஒரு பகலு விட்டா பூமி மூச்சு வாங்கிக்கிடும். இந்தக் கோடைல நல்லா வாங்கிட்டு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "விசேஷத் தண்ணி விதியை எந்த அதிகாரி போட்டார்?"

"சட்டத்துல 'சமூகத் தேவைக்கேற்ப'ன்னு ஒரு வார்த்த கெடந்துச்சு. நான் கொஞ்சம் இழுத்து விட்டேன்."

"அப்ப அந்தப் பிரம்மச்சாரி கல்யாணம்?"

"தெரியும்."

"கன்னுக்குட்டி?"

"நல்ல பேரு வச்சாவ."

"என் கல்யாணம்?"

"சட்டைல வெலச்சீட்டு ஆடிட்டு இருந்துச்சு சார்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப எங்களையெல்லாம் ஏமாத்தியிருக்கே!"

"அப்பிடிச் சொல்லாதீய. நீங்க ஏமாத்துனிய, நான் ஏமாந்தேன். மோட்டார நிறுத்துங்கன்னு நல்ல தமிழ்ல சொன்னேன், பூட்ட ஒடச்சாவ. சோறு போடுதாவ வாங்கன்னா அவியளே நிறுத்திட்டு வாராவ. நான் என்ன செய்ய? ஊர்ல யாராவது ஒருத்தரு ஏமாறணும்லா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் செய்தேன். தண்ணீரைக் காப்பாற்ற ஒரு ஊருக்குப் பொய் தேவைப்படுகிறதே என்று வருத்தமாகவும் இருந்தது. மனிதன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரைதான் அவனை நல்லவனாக்க முடியுமோ? மனசு தாங்காமல் வடிவிடம் போய்ச் சொன்னேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "ஊருக்குச் சொல்லிராதீய. அரசாங்கத்த ஏமாத்துதோம்னுதான் அம்புட்டுப் பேரும் சந்தோஷமா வாராவ. நல்லது பண்ணுதோம்னு தெரிஞ்சா பாதிப் பேரு வர மாட்டாவ."

கையை விட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

அதற்குள் மேலிடத்தில் யாரோ ஒருவர் விழித்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே வடிவின் தோட்டத்துக்கு வரச்சொல்லிப் பங்காளி கூப்பிட்டது. போனால் ஆவுடையம்மாளும் பத்துப் பதினைந்து பேரும் மோட்டார் பெட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பூலுடையார் எங்கோ பார்ப்பதுபோல் நின்று காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"சென்னைல இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு" என்றது பங்காளி. "சான்று குடுத்த அதிகாரியே மாப்பிள்ளையா இருக்காரே, அந்தக் கல்யாணம் மெய்யான்னு கேக்காவ. பொய்யின்னா விசேஷத் தண்ணி ரத்து. என்னைக் கழட்டிருவாவ. சாருக்கு வேல போயிரும்."

பங்காளியைக் கழற்றினால் பூட்டெல்லாம் போகும். மறுநாளே எல்லோரும் எல்லா மோட்டாரையும் போடுவார்கள். வடிவின் குழாயில் காற்று வரும். பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்த நேரம் அது.

"மெய்யின்னு சொல்லிரேன், பங்காளி" என்றார் ஆவுடையம்மாள்.

"நான் ஏமாறுவேன், பொய் சொல்ல மாட்டேன். அது வேற, இது வேற. மாப்பிள்ளையும் பொண்ணும் வாயால சொல்லணும். சொன்னா அப்பிடியே அனுப்பிருவேன். அப்புறம் மாத்த முடியாது."

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீருக்காக ஒரு பெண்ணை ஊர்கூடி ஒருவன் தலையில் கட்டுவதா? வேலை போனால் போகட்டும்.

"பங்காளி, பொய்னே எழுதிக்கோ" என்றேன். "தப்பு என்னோடது. அவங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது."

"யோவ், சும்மா இரும்" என்றாள் வடிவு. அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "பங்காளி, மொதல்ல என்னைக் கேளு."

"கேக்கேன். செண்பகவடிவு, அன்னைக்கு நடந்த கல்யாணம் மெய்யா?"

"எம் பக்கம் மெய்தான்." முகம் சிவந்துபோய்க் குனிந்துகொண்டாள். "அவிய பக்கம் எனக்குத் தெரியாது. அவியகிட்டக் கேட்டுக்கோ."

பங்காளி கேட்டது. நான் பதில் சொன்னேன். 'மெய்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு காற்று வேண்டுமா என்று பிறகு கேலி செய்தார்கள். வடிவின் மோட்டார் மாதிரி இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் சொன்னேனாம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பூலுடையார், "ஏ பிள்ள வடிவு, மறுவீட்டு விருந்து சித்தப்பன் வீட்லதான்!" என்று கத்தினார். பேச்சுவார்த்தை இல்லாத மனுஷர் பேசிய முதல் பேச்சு அது. கூட்டம் விசிலடித்தது. "கெட்டிமேளம்!" என்றது பங்காளி.

எல்லோரும் கலைந்து போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை.

"சார், ஒரு சந்தேகம்" என்றது பெட்டி. "அந்தப் புது வீட்டுக்கு எப்பப் பால் காச்சப் போறிய? புதுமனை விசேஷம் இந்த வீட்டுக்கு இன்னும் பாக்கி இருக்கு."

நான் திரும்பிப் புது வீட்டைப் பார்த்தேன். உர மூட்டை. மண்வெட்டி. வாசலில் மாவிலை கட்டின அடையாளமே இல்லை. எத்தனை விசேஷத்துக்குச் சான்று கொடுத்தவன் நான்! பால் காய்ச்சாத வீடு கண்முன்னால் நின்றும் கவனிக்கவில்லை.

"பாக்கியா? எல்லா விசேஷமும் முடிஞ்சிட்டுன்னு சொன்னியே, வடிவு!"

அவள் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "பால் காச்சுனா எம்புட்டுத் தண்ணி கெடைக்கும்? கல்யாணம்னா..."

"எந்த விசேஷத்துக்கும் ஒரே அளவுதான் சார்" என்றது பங்காளி, யாரும் கேட்காமலே.

வடிவு ஒரு சேற்று உருண்டையை எடுத்துப் பெட்டியின்மேல் வீசினாள். குறி தப்பவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தனியாப் பால் காச்சி யாருக்குக் குடுக்க?"

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஊர் முழுக்க வெற்றிலை வைத்தோம். அன்று காலையில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் நின்றது பூலுடையாருடையது. பால் பொங்கியதும் முதல் டம்ளரை வடிவு என்னிடம் நீட்டினாள். அந்தக் கோடையில் நான் கொடுத்த சான்றுகளில் பொய்யே கலக்காதது அது ஒன்றுதான். ஏமாற ஒன்றுமில்லாமல் பங்காளிக்குத்தான் அன்று பொழுதே போகவில்லை.